சம்பளமில்லாத லேப் இன்டர்ன்ஷிப்: விடலாமா, இருக்கலாமா? கேள்வி பதில்

லேபுக்குள் மாணவியாக நுழைந்து, பி.எச்டி முடித்து, இப்போது புதிதாக வரும் இன்டர்ன்களைச் சேர்த்துப் பழக்கிவிடும் பொறுப்பில் இருக்கிறேன். விடுவதா இருப்பதா என்று தவிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் இளங்கலை மூன்றாம் ஆண்டு. நாலு மாசமா ஒரு லேபில் இன்டர்ன், சம்பளம் கிடையாது. ‘இதுகூடத் தெரியாதா, எதுக்கு வந்தே’ன்னு எல்லார் முன்னாடியும் கைடு கேட்கிறார். மீட்டிங்குக்கு முந்தின ராத்திரி தூக்கமே வர்றதில்லை. ஆனா மத்தவங்க தாங்கிக்கிறாங்களே? லேப் மோசமா, இல்லை எனக்குத்தான் தெம்பு இல்லையா?

பதில்: மற்றவர்கள் தாங்கிக்கொள்வதைக் கணக்கில் சேர்க்காதே. அங்கே இருக்கும் பி.எச்டி ஸ்காலர்களுக்கு உதவித்தொகை வருகிறது, முடிவில் பட்டம் வரும். பாதியில் விட்டால் வருஷக்கணக்கில் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க அவர்களுக்குக் காரணம் உண்டு. உனக்கு அந்தக் கட்டு எதுவும் இல்லை.

‘என்னால் தாங்க முடியுமா’ என்று உன்னையே கேட்டுக்கொண்டால், ‘இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்’ என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்று. காசு கொடுக்காத இடத்தில் கற்றுக்கொள்வதுதான் சம்பளம். அந்தச் சம்பளம் வருகிறதா, பாக்கி நிற்கிறதா? போன ஒரு மாதத்தை மட்டும் எடுத்து எழுதிப் பார். அன்றைக்குத் தெரியாமல் இன்றைக்குத் தனியாகச் செய்யத் தெரிந்தது என்ன? நீ செய்யும் வேலை எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று இரண்டு வரியில் சொல்ல முடியுமா? உன் வேலையைப் பார்த்து யாராவது உட்கார்ந்து திருத்தினார்களா? மூன்றுக்கும் தாள் காலியாக இருந்தால், நீ அங்கே சம்பளமில்லாத எடுபிடி. குழாய் கழுவுவதும் லேபிள் ஒட்டுவதும் எல்லா லேபிலும் உண்டு, எங்கள் லேபிலும் உண்டு. நாலாவது மாதத்திலும் அது மட்டும்தான் என்றால் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது.

திட்டுகிறாரே என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதே. திட்டுக்குப் பிறகு என்ன வருகிறது என்று பார். ஜெல் படத்தில், அதாவது டி.என்.ஏ. போன்றவற்றை அளவுவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் படத்தில், பட்டைகள் மங்கலாக வந்திருக்கின்றன என்று வை. ஒருவர், ‘எத்தனை தரம் சொல்றது, மாதிரியை லோட் பண்றதுக்கு முன்னாடி அளவு பார்த்தியா?’ என்று கத்துகிறார். கத்திவிட்டு, திரவத்தை அளந்து விடும் பைப்பெட்டைக் கையில் வாங்கி, நுனி ஜெல்லின் குழிக்குள் எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்று காட்டுகிறார். இன்னொருவர் அதே படத்தைப் பார்த்து, ‘உன்னையெல்லாம் யார் சேர்த்தது’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதல் ஆள் முசுடு. அவரிடம் கொஞ்ச காலம் தள்ளலாம், வேலையாவது வரும். இரண்டாவது ஆளிடம் இருப்பதற்கு உனக்கு ஒரு காரணமும் கிடையாது. நீ சொன்ன ‘எதுக்கு வந்தே’ எனக்கு இரண்டாவது ரகமாகத்தான் கேட்கிறது.

சில விஷயங்களில் கணக்கே போட வேண்டாம்: பாலியல் ரீதியான பேச்சு அல்லது தொடுதல், கைநீட்டுதல், பயிற்சியோ பாதுகாப்போ இல்லாமல் ஆபத்தான ரசாயனத்தையோ கருவியையோ கையாளச் சொல்வது, உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருவது. இதில் எது இருந்தாலும் நாளையிலிருந்தே லேபுக்குப் போகாதே. புகாரும் விளக்கமும் பிறகு. கடைசியில் சொன்னது என்றால் இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடமும் ஒரு மருத்துவரிடமும் பேசு.

கேள்வி: ஆறு மாசம் போட்டுட்டேன். இப்ப விட்டா அத்தனையும் வீண்தானே?

பதில்: அந்த ஆறு மாதம் விட்டாலும் திரும்பாது, இருந்தாலும் திரும்பாது. 1985-ல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாடக சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், தள்ளுபடி விலையில் டிக்கெட் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அதே நாடகங்கள்தான். ஆனால் சீசனின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்கள் தள்ளுபடிக்காரர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. நீயும் போட்ட ஆறு மாதத்துக்காகத்தான் போய்க்கொண்டிருக்கிறாயா என்று பார். இந்த லேபில் இன்றைக்குத்தான் உனக்கு இடம் கிடைத்தது, உள்ளே நடப்பதெல்லாம் முன்பே தெரியும் என்று வைத்துக்கொள். சேர்வாயா? மாட்டாய் என்றால் விடை கிடைத்துவிட்டது.

தவிர, கற்ற டெக்னிக் உன் கையோடு வரும். அதை யாரும் பிடுங்க முடியாது.

கேள்வி: மேடம், விட்டால் ரெகமண்டேஷன் லெட்டர் போய்விடும். மேல்படிப்புக்கு அது இல்லாமல் என்ன செய்வது?

பதில்: உங்களை மதிக்காத ஒருவர் எழுதும் லெட்டர் எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? ‘இந்த மாணவர் இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை இங்கே இருந்தார், நேரத்துக்கு வந்தார்.’ தேர்வுக் குழுவில் இதைப் படிப்பவர்களுக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று உடனே தெரிந்துவிடும். வகுப்பில் உங்கள் புராஜெக்டைப் பார்த்த ஒரு ஆசிரியர், ‘தப்பு எங்கே என்று தானே கண்டுபிடித்துத் திருத்தினார்’ என்று ஒரு சம்பவத்தோடு எழுதுவது அதைவிட எவ்வளவோ மேல். அதே லேபில் பி.எச்டி முடித்து ஆராய்ச்சி செய்யும் போஸ்ட்டாக் யாராவது உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தால் அவரிடமும் கேட்கலாம். கைடிடம்தான் கேட்டாக வேண்டும் என்றால், ‘நல்லபடியாக எழுத முடியுமா சார்?’ என்று நேராகக் கேளுங்கள். அவர் இழுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் எடுத்த டேட்டாவை வைத்துப் பேப்பர் எழுதுகிறார்கள். பாதியில் போனால் என் பெயரை எடுத்துவிடுவார்களா?

பதில்: எடுக்கலாம். எடுப்பது நியாயமா என்றால், அதற்கு எழுதி வைத்த விதி உண்டு. மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ. நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: திட்டமிடுவதிலோ, டேட்டா எடுப்பதிலோ, அதை அலசுவதிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது தீவிரமாகத் திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், வேலைக்குப் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்தால்தான் ஆதர், அதாவது கட்டுரையாசிரியர். இதைக் காட்டித்தான் ‘நீ டேட்டா மட்டும்தானே எடுத்தே’ என்று இன்டர்ன்களை நன்றி வரியில் தள்ளிவிடுகிறார்கள். அதே விதியில் அடுத்து வருவதை யாரும் சொல்வதில்லை: முதல் நிபந்தனை பூர்த்தியானவருக்கு மற்றதிலும் பங்கெடுக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வாய்ப்பே கொடுக்காமல், நீ எழுதவில்லை என்று பெயரை எடுப்பது அந்த விதிக்கே விரோதம்.

ஆகவே போவதற்கு முன் மெயில் ஒன்று போடு. எந்தச் சோதனை, எந்தத் தேதிகள், எந்த ஃபைல் என்று குறிப்பிட்டு, ‘வரைவு தயாரானதும் படித்துத் திருத்தம் சொல்ல விரும்புகிறேன்’ என்று முடி. பங்களிப்பை 14 வகையாகப் பிரிக்கும் ‘கிரெடிட்’ என்ற பட்டியலைப் பல இதழ்கள் கேட்கின்றன. உன் வேலை அதில் எந்த வகையில் வரும் என்று பார்த்து அந்தச் சொல்லையே பயன்படுத்து. வாயால் சொன்னது நிற்காது. மெயில் நிற்கும்.

டேட்டாவை எடுத்துக்கொண்டு மட்டும் போய்விடாதே. பெரும்பாலும் அது நிறுவனத்துக்குச் சொந்தம், லேப் நோட்டும் அங்கேயே இருக்க வேண்டியது. என்ன செய்தாய் என்பதற்கு உன் சொந்தக் குறிப்பு போதும்.

கேள்வி: ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸாப்பில் வேலை சொல்கிறார். உடனே பதில் போடணுமா?

பதில்: வேண்டாம். காலையில் போடு. ஒரு வாரம் அப்படியே செய்து, என்ன நடக்கிறது என்று பார். சிலர் தோன்றும்போது அனுப்பிவிடுவார்கள், பதிலை எதிர்பார்க்கவே மாட்டார்கள். ‘ராத்திரியே ஏன் பார்க்கலை’ என்று காலையில் கேட்டால் அவர் எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் பேராசிரியர் நல்லவர். என்னை வதைப்பது அவர் எனக்குப் பொறுப்பாகப் போட்ட ஸ்காலர். அவருடைய தீசிஸ் வேலை முழுக்க என் தலையில். சொன்னால் நான்தான் கெட்டபெயர் வாங்குவேனோ?

பதில்: வந்த கேள்விகளில் விடாமலே சரியாகக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். பல கைடுகளுக்குத் தன் லேபில் இன்டர்ன் என்ன செய்கிறார் என்றே தெரியாது. ஸ்காலரைப் பற்றிப் புகாராகப் போகாதீர்கள். உங்கள் வேலையைப் பற்றிப் பேசப் போங்கள். ‘சார், இந்த மூன்று மாதத்தில் இதைச் செய்தேன். அடுத்து இன்னதைக் கற்க ஆசை. உங்களோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் பேச முடியுமா?’ பட்டியலைப் பார்த்தாலே யாருடைய வேலையை யார் செய்கிறார் என்று அவருக்குப் புரியும். புரிந்தும் ஒன்றும் மாறவில்லை என்றால், அவர் நல்லவர் என்பதால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கேள்வி: சம்பளமே தராமல் வேலை வாங்குவது சட்டப்படி சரியா அக்கா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும், கல்வி நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் மாறும். அளவுகோலாக ஒன்று சொல்கிறேன். அமெரிக்கத் தொழிலாளர் துறை லாப நோக்குள்ள கம்பெனிகளின் இன்டர்ன்களுக்கு 2018 முதல் ஏழு அம்சச் சோதனை ஒன்றை வைத்திருக்கிறது. முதன்மைப் பயன் யாருக்கு என்பதுதான் அதன் மையம். பயிற்சி வகுப்பறைப் படிப்பைப் போல் இருக்கிறதா, கல்லூரி நாட்காட்டிக்கு இடம் கொடுக்கிறதா, கற்றல் நடக்கும் காலத்தோடு முடிகிறதா, சம்பளம் வாங்குபவரின் வேலையை இன்டர்ன் தலையில் கட்டுகிறார்களா என்றெல்லாம் கேட்கும். உன் ஊர்ச் சட்டம் எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்விகளை உன் லேபிடம் கேட்டுப் பார். செமஸ்டர் தேர்வு வாரத்திலும் வரச் சொல்கிறார்களா? அதற்கே பதில் கிடைத்துவிடும்.

கேள்வி: வரைபடத்தில் சரியாகப் பொருந்தாத இரண்டு புள்ளிகளை ‘எடுத்துடு, யாருக்குத் தெரியப்போகுது’ என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் சரியான பயம். முன்கூட்டியே எழுதிவைத்த காரணத்துக்காக ஒரு அளவீட்டை நீக்கி, நீக்கியதைக் கட்டுரையில் சொல்வது முறையான வேலை. படம் அழகாக வரவில்லை என்று சத்தமில்லாமல் எடுப்பது டேட்டா திரிப்பு. இல்லாததைப் புனைவது, பிறருடையதைத் திருடுவது, இந்த இரண்டோடும் சேர்த்து எண்ணப்படும் ஆராய்ச்சி முறைகேடு அது.

நேரடியாக மோத வேண்டாம். ‘எந்தக் காரணத்துக்காக நீக்கினோம் என்று நோட்டில் என்ன எழுதட்டும்?’ என்று மெயிலில் கேள். நியாயமான காரணம் இருந்தால் சொல்வார்கள். இல்லையென்றால் பெரும்பாலும் மெயிலுக்குப் பதில் வராது, வாயால் திட்டு வரும். அப்போது விலகிவிடு, அந்தப் பேப்பரில் உன் பெயரே வேண்டாம் என்று எழுதிக் கொடு. மற்ற எல்லாரிடமும் பெயருக்காகப் போராடச் சொல்வேன், உன்னிடம் மட்டும் மாற்றிச் சொல்கிறேன். நிறுவனத்தில் ஆராய்ச்சி நெறிமுறைக்குப் பொறுப்பானவர் இருப்பார். அவரிடம் போவது நல்லது, ஆனால் தனியாகப் போகாதே, நம்பகமான ஆசிரியர் ஒருவரிடம் முதலில் சொல்லிவிட்டுப் போ.

கேள்வி: என் மகள் இன்டர்ன்ஷிப்பை விடப் போகிறேன் என்கிறாள். இந்த வயதில் கஷ்டப்பட்டால்தான் முன்னுக்கு வரலாம் என்று சொன்னேன், பேச்சையே நிறுத்திவிட்டாள். நான் சொன்னது தவறா?

பதில்: ஐயா, கஷ்டப்படத்தான் வேண்டும். அங்கே படும் கஷ்டத்தால் மகளுக்கு என்ன வருகிறது என்பதுதான் பிரச்சினை. அறிவுரையைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்து, ‘இந்த வாரம் அங்கே என்னம்மா பண்ணினே?’ என்று மட்டும் கேளுங்கள். அவள் முகம் மலர்ந்து ஏதாவது ஒரு சோதனையை விவரித்தால் இன்னும் தெம்பு இருக்கிறது. ஒன்றுமில்லை என்று எழுந்து போனால் கூடவே போய் வற்புறுத்தாதீர்கள். சாப்பாடு, தூக்கம், சிநேகிதிகளோடு பேச்சு குறைந்திருக்கிறதா என்று அம்மாவிடமும் கேளுங்கள். குறைந்திருந்தால், விடச் சொல்லும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

கேள்வி: எனக்கு இது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. முடிக்காவிட்டால் மதிப்பெண் இல்லை.

பதில்: அப்படியானால் கைடுக்கு முன்னால் துறையின் ஒருங்கிணைப்பாளரிடம் பேசு. வேறு லேபுக்கு மாற்ற முடியுமா, போட்ட மணி நேரம் கணக்கில் வருமா, அறிக்கையாக எழுதிக் கொடுத்து முடிக்கலாமா, இந்த மூன்றையும் கேள். மூன்றுக்கும் இல்லை என்றால், மீதி எத்தனை வாரம் என்று எண்ணு. நான்கைந்து வாரம்தான் என்றால், சொன்ன நேரத்துக்கு மட்டும் போய், சொன்ன வேலையை மட்டும் செய்து முடித்துவிடலாம். முதல் பதிலில் சொன்ன ஆபத்துகள் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: முடிவு பண்ணிட்டேன், விடுகிறேன். எப்படிச் சொல்வது? உண்மைக் காரணத்தைச் சொல்லணுமா? அடுத்த இடத்தில் கேட்டால்?

பதில்: காரணம் சொல்லக் கடமை இல்லை. உருப்படியாகக் கேட்டுக்கொள்ளும் ஆளாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இப்படி எழுது:

‘மதிப்புக்குரிய பேராசிரியருக்கு, படிப்புச் சுமை காரணமாக இந்த மாதம் 30-ஆம் தேதியோடு இன்டர்ன்ஷிப்பை நிறைவு செய்துகொள்ள விரும்புகிறேன். என் பொறுப்பில் உள்ள மாதிரிகளின் பட்டியலும் அவை இருக்கும் இடமும் இணைப்பில் உள்ளன. லேப் நோட்டையும் சாவியையும் ஒப்படைத்துவிடுகிறேன். கற்றுக்கொள்ள வாய்ப்பளித்தமைக்கு நன்றி.’

இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தால் தாராளம். ஒப்படைப்புப் பட்டியலை ஒழுங்காகச் செய், மாதிரிகள் எந்த ஃப்ரீஸரில் எந்த அடுக்கில் என்பது வரை. பிறகு யார் குறை சொன்னாலும் காட்ட அது இருக்கும். ‘இன்னும் ஒரு மாசம் இரு’ என்று இழுத்தால், ‘இல்லை சார், 30 வரைதான்’ என்று அதே வரியைத் திருப்பிச் சொல். புதுக் காரணம் சொல்லாதே, சொன்னால் அதற்குத் தீர்வு சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

அடுத்த இடத்தில் ‘ஏன் விட்டீங்க?’ என்று கேட்டால், இன்டர்ன் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவளாகச் சொல்கிறேன்: பாதியில் விட்டவர் என்று நான் யாரையும் ஒதுக்கியதில்லை. பழைய கைடைப் பத்து நிமிஷம் திட்டுபவரைப் பார்த்தால்தான் யோசிப்பேன். ‘அங்கே பி.சி.ஆர். கற்றேன், புள்ளியியல் பகுதிக்கு வாய்ப்பில்லை, அதைத் தேடித்தான் வந்தேன்’ என்றால் போதும். அடுத்த கேள்வி டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் அந்த பி.சி.ஆர். பற்றித்தான் வரும், அதற்குத் தயாராகப் போ.