உலோக நுரையில் இவ்வளவு பரப்பு இருக்கிறதே, கார் ரேடியேட்டரில் அதை ஏன் வைப்பதில்லை?

இதே கேள்வியோடுதான் நானும் ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். அலுமினிய நுரையை முதலில் பார்த்தபோது பாத்திரம் தேய்க்கும் கம்பி நார்தான் ஞாபகம் வந்தது. செய்முறையும் வேடிக்கையானது. மெத்தைப் பஞ்சு மாதிரியான பாலியூரித்தேன் நுரைக்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றி இறுகவிட்டு, பஞ்சை எரித்துவிட்டு, அது இருந்த இடத்தில் உருகிய அலுமினியத்தை ஊற்றுவார்கள். பிளாஸ்டரைக் கழுவினால் 90 சதவீதத்துக்கு மேல் வெற்றிடமான உலோகம் கையில் இருக்கும்.

ரேடியேட்டர் போல வாயு ஓடும் வெப்பப் பரிமாற்றியில் ஒரு கன மீட்டருக்குள் 700 சதுர மீட்டர் பரப்பு இருந்தால் அதை 'காம்பாக்ட்' என்பது வழக்கம். அங்குலத்துக்குப் பத்து துளை உள்ள நுரையே அந்தக் கணக்கில் தேறிவிடும். ஆனால் பரப்பு இருந்தால் மட்டும் போதாது, வெப்பம் அங்கே போய்ச் சேரவேண்டும்.

அலுமினியத்தின் கடத்துதிறன், அதாவது வெப்பத்தைக் கடத்தும் திறன், வாட்/மீட்டர்-கெல்வின் அலகில் சுமார் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையில் உலோகம் 10 சதவீதம்தான், அதுவும் எல்லாத் திசையிலும் வளைந்து நெளிந்து ஓடுகிறது. அதனால் பயனுக்கு வருவது அந்தப் பத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆறு ஏழு. நுரை ஒட்டியிருக்கும் சூடான சுவரிலிருந்து ஏழெட்டு மில்லிமீட்டர் தாண்டினால் நுரை பெரும்பாலும் காற்றின் வெப்பநிலைக்கே வந்துவிடும். அதற்கு அப்பால் இருக்கும் பரப்பெல்லாம் கணக்கில் உண்டு, வேலையில் இல்லை.

இது தெரியாமல் முதல் மாதிரியில் இரண்டு அங்குல நுரையைத் தகட்டில் சாதாரண எபாக்சி போட்டு ஒட்டினேன். எபாக்சியின் கடத்துதிறன் 0.2 அளவில்தான், அலுமினியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதோடு நுரை தகட்டைத் தொடுவதே சின்னச் சின்ன முனைகளில்தான். மூன்று வாரம் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள்மேல் சந்தேகப்பட்டேன், பாவம் அது. பிரேசிங் செய்த, அதாவது பசைக்குப் பதில் உலோகத்தை உருக்கி இணைத்த, அடுத்த மாதிரி ஒழுங்காக வேலை செய்தது.

அப்புறம் நுரைக்குள் காற்றைத் தள்ளும் ஃபேன். மணலில் தண்ணீர் ஓடுவதற்கு 1856-இல் டார்சி என்ற பொறியாளர் சொன்ன விதி, அதாவது அழுத்த இழப்பு வேகத்துக்கு நேர்விகிதம் என்பது, இங்கே மெதுவான ஓட்டத்துக்குத்தான் சரி. வேகம் கூடினால் 1901-இல் ஃபோர்ச்ஹைமர் என்ற பொறியாளர் அதில் சேர்த்த, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் உறுப்பு ஆதிக்கம் செலுத்தும். வேகத்தை இரட்டித்தால் அழுத்த இழப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு, ஃபேனின் சக்தி எட்டு மடங்கு ஆகும். உலோகத்திலிருந்து காற்றுக்கு வெப்பம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதைச் சொல்லும் வெப்பப் பரிமாற்றக் குணகமோ ஒன்றரை மடங்குகூட ஆகாது. ரேடியேட்டரில் இப்போது இருக்கும் லூவர் ஃபின் ஜன்னல் சட்டம் போல் சாய்த்து வெட்டிய மெல்லிய தகடு. குழாயிலிருந்து வெப்பம் அதில் நேராக ஓடும், ஒவ்வொரு வெட்டிலும் காற்றின் எல்லைப்படலம், அதாவது பரப்பை ஒட்டி வெப்பத்தைத் தடுக்கும் மெதுவான காற்றுப் படலம், தடிக்காமல் புதிதாகத் தொடங்கும். ஒரே ஃபேன் சக்தியில் ஒப்பிட்டால் நுரை அதை வெல்வது கஷ்டம். விலையைச் சொல்லவே வேண்டாம். தூசியும் பூச்சியும் உள்ளே சிக்கினால் நுரையைச் சுத்தம் செய்யவும் முடியாது.

சரி, நுரை வீண்தானா? காற்றை ஓட்டவேண்டிய தேவையே இல்லாத இடத்தில் பாருங்கள். பாரஃபின் மெழுகு உருகும்போது நிறைய வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் அதன் கடத்துதிறனும் 0.2 அளவில்தான், அதனால் தகட்டருகே இருப்பது உருகி, உள்ளே திடமாகவே நிற்கும். நுரைக்குள் மெழுகை ஊற்றினால் அதே ஆறு ஏழு இங்கே வெறும் மெழுகைப்போல் முப்பது மடங்கு ஆகிறது. ஃபேனும் கிடையாது, தூசியும் கிடையாது. நான் கடைசியில் ஆய்வேட்டை முடித்தது இந்த மெழுகில்தான்.