அப்பாவுக்கு பிபி இருக்கிறது, தினமும் டார்க் சாக்லேட் கொடுக்கலாமா?

கேட்டவரின் அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பிபி மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரையும் 'பார்டரில்' இருக்கிறதாம். டார்க் சாக்லேட் பிபியைக் குறைக்கும் என்று வாட்ஸப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு தினமும் பாதி பார் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். தொடரலாமா என்கிறார்.

ஆசைக்கு ஒன்றிரண்டு துண்டு கொடுங்கள். பிபிக்காகக் கொடுக்காதீர்கள். பாதி பார் அதிகம், அதுவும் சர்க்கரை பார்டரில் இருப்பவருக்கு ரொம்பவே அதிகம். மாத்திரையில் கை வைக்கவே வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம், மீதி விவரம் கேட்பவர்களுக்கு.

நான் டாக்டர் இல்லை. பொள்ளாச்சிக்காரன். சித்தப்பா தோப்பில் தென்னைக்கு நடுவே கோகோ ஊடுபயிர். சாக்லேட்டைக் காயிலிருந்தே பார்த்து வளர்ந்ததால் இதைப் பற்றி எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவேன்.

வாட்ஸப் செய்தி முழுப் பொய் இல்லை. கோகோ கொட்டையில் ஃப்ளாவனால் என்ற வகைப் பொருள்கள் உண்டு, அதில் முக்கியமானது எபிகேட்டச்சின். இவை ரத்தக்குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைக் கூட்டும். அது கூடினால் குழாய் தளர்ந்து விரியும், அழுத்தம் கொஞ்சம் இறங்கும். இதுவரை சரி. எவ்வளவு இறங்கும் என்று கேட்டால்தான் செய்தி சப்பென்று ஆகிவிடுகிறது. 2017இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 35 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் சுமார் 1,800 பேர். சராசரியாக இறங்கியது 2 மி.மீ.கூட இல்லை. ஏற்கெனவே பிபி உள்ளவர்களுக்கு மேல் எண் சுமார் 4 இறங்கியது. ஒரே காலையில் அடுத்தடுத்து இரண்டு முறை பிபி பார்த்தாலே அவ்வளவு வித்தியாசம் வரும். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் சில வாரங்கள் மட்டுமே நடந்தவை. இன்னொன்று, அவற்றில் கொடுத்த ஃப்ளாவனால் சராசரியாக நாளுக்கு 670 மி.கி. நீங்கள் வாங்கும் பாரில் அது எத்தனை மி.கி. இருக்கிறது என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், அநேகமாக எங்கேயும் போட்டிருக்காது.

அது ஏன் என்று புரிய தோப்புக்குத்தான் வர வேண்டும். பழுத்த கோகோ காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை மூடிய கொட்டைகள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். சதையைச் சப்பினால் இனிப்பும் புளிப்புமாக அருமையாக இருக்கும். அணிலுக்கும் அது நன்றாகத் தெரியும், விளைச்சலில் அதற்கு ஒரு பங்கு போன பிறகுதான் எங்களுக்கு. ஆனால் கொட்டையைக் கடித்துப் பாருங்கள். நறுக்கினால் உள்ளே கத்தரிப்பூ நிறம். வாயில் போட்டால் முதலில் கசப்பு, பின்னாலேயே நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு, தண்ணீர் குடித்தாலும் லேசில் போகாது. உங்கள் வாட்ஸப் செய்தி புகழ்கிற சரக்கு பெரும்பாலும் அந்தத் துவர்ப்பில்தான் இருக்கிறது.

கோகோவைச் சாக்லேட்டாக்குவது என்றால் படிப்படியாக இந்தத் துவர்ப்பைப் போக்குவது. வாழைப்பூவை மோரில் போட்டு வைக்கிறோமே, அந்த மாதிரி. சதையோடு சேர்த்துக் கொட்டையை மரப்பெட்டியில் போட்டு, வாழை இலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விடுவார்கள். முதலில் கள் வாடை வரும், அப்புறம் காடி வாடை. நடுவில் கிளறிவிடும்போது உள்ளே கை வைத்தால் நன்றாகவே சுடும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதை செத்து, கத்தரிப்பூ நிறம் மெல்லப் பழுப்பாக மாறும். சாக்லேட் மணத்துக்கு அஸ்திவாரம் விழுவதும், ஃப்ளாவனாலில் கணிசமான பங்கு காலியாவதும் அங்கேதான். பிறகு வெயிலில் காயவைத்து, ஆலையில் வறுக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும்.

பெரிய அடி அதற்கப்புறம் விழுகிறது. டச்சு முறை என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் வான் ஹூட்டன் குடும்பம் கொண்டுவந்தது. கோகோவில் பொட்டாசியம் கார்பனேட் போன்ற ஒன்றைச் சேர்த்துப் புளிப்பையும் கசப்பையும் அடக்குவது. சுவை மென்மையாகும், நிறம் கருகருவென்று வரும். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் கடைகளில் விற்கும் கோகோ பவுடர்களை அளந்தார்கள். இந்தப் பக்குவம் செய்யாத பவுடரில் ஒரு கிராமுக்குச் சராசரியாக 34.6 மி.கி. ஃப்ளாவனால் இருந்தது. நன்றாகப் பக்குவம் செய்ததில் வெறும் 3.9. கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு போச்சு. ஆக, கறுப்பு கூடக் கூட 'சத்து' கூடும் என்று நாம் நினைக்கிறோம், பல சமயம் நேர் எதிர். உறையில் அசிடிட்டி ரெகுலேட்டர் 501 (பொட்டாசியம் கார்பனேட்டின் எண்) என்று பார்த்தால், கோகோ பெரும்பாலும் இந்த வழியாக வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

70%, 85% என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அந்த எண் கொட்டையிலிருந்து வந்த எல்லாவற்றையும் சேர்த்தது, கோகோ வெண்ணெய் உட்பட. ஃப்ளாவனால் இருப்பது வெண்ணெயில் இல்லை, பழுப்புப் பகுதியில். வெள்ளைச் சாக்லேட்டிலும் கோகோ வெண்ணெய் இருக்கிறது, அதற்காக அதை யாரும் பிபிக்குச் சொல்வதில்லை. ஒரே 70% போட்ட இரண்டு பார்களில் ஃப்ளாவனால் பல மடங்கு வித்தியாசப்படலாம். அந்த எண்ணுக்கு ஒரு நல்ல பயன் உண்டு: மீதி எவ்வளவு என்று கணக்குப் போடலாம். 55% பாரில் மீதி 45 பங்கும் கிட்டத்தட்ட சர்க்கரைதான். பார் 100 கிராம் என்றால், அதில் பாதியைச் சாப்பிடும் உங்கள் அப்பாவுக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை போகிறது, அதாவது நாலு டீஸ்பூனுக்கு மேல். காபியில் சர்க்கரையை நிறுத்தச் சொல்லியிருப்பீர்கள் இல்லையா?

ஊட்டியிலிருந்து வாங்கிவரும் ஹோம்மேட் சாக்லேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உறவினர்கள் கோபித்துக்கொண்டாலும். பல கடைகளில் அது காம்பவுண்ட்: கோகோ பவுடர், சர்க்கரை, கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு. கட்டியாக வாங்கி உருக்கி அச்சில் ஊற்றுவது. டார்க் என்ற சீட்டு ஒட்டியிருந்தாலும் அது மிட்டாய்தான். மிட்டாய் என்று நினைத்துச் சாப்பிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை.

இந்த நம்பிக்கைக்கெல்லாம் மூலம் எங்கே என்று தேடினால் பனாமாவின் சான் பிளாஸ் தீவுகளில் போய் நிற்கும். அங்கே வாழும் குனா பழங்குடி மக்களுக்கு வயதானாலும் பிபி ஏறுவதில்லை என்பதை ஹார்வர்டு மருத்துவர் நார்மன் ஹாலன்பர்க் 1990களில் கவனித்தார். பரம்பரையாக இருக்குமோ என்றால், அதே மக்கள் பனாமா நகரத்துக்குக் குடிபெயர்ந்ததும் பிபி வந்தது. உப்பைக் குறைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. தீவில் கோகோ பானம் நிறையக் குடிக்கிறார்கள், நகரத்தில் அது குறைவு என்பதை அவர் பிடித்துக்கொண்டார். அழகான அவதானிப்புதான். ஆனால் தீவிலிருந்து நகரத்துக்குப் போனால் மாறுவது கோகோ மட்டுமா? மீன், பழம், உடலுழைப்பு, தூக்கம், கவலை எல்லாமே மாறும். அவர்கள் குடித்ததும் நம் பார் இல்லை. இந்த வேறுபாடு செய்தித்தாள் தலைப்புக்கு வரும்போது காணாமல் போய்விட்டது.

இதைச் சந்தேகமறச் சோதிக்க அமெரிக்காவில் காஸ்மாஸ் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 2022இல் வந்தது. 60 தாண்டிய ஆண்கள், 65 தாண்டிய பெண்கள், மொத்தம் 21,442 பேர். பாதிப் பேருக்கு தினமும் 500 மி.கி. கோகோ ஃப்ளாவனால், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. மூன்றரை ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்து எண்ணியதில் 10% குறைவு, ஆனால் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிற அளவுக்குள்தான் இருந்தது. இதய நோயால் இறந்தவர்கள் மட்டும் 27% குறைவு. முதன்மைக் கேள்விக்கு உறுதியான ஆம் வராதபோது துணைக் கேள்வியின் பதிலை நான் நம்பிக்கையோடு பார்ப்பேன், கொண்டாட மாட்டேன். மாத்திரைகளைக் கொடுத்ததும் செலவில் பங்கெடுத்ததும் மார்ஸ் சாக்லேட் நிறுவனத்தின் ஒரு கிளை. அதற்காக ஆய்வு பொய்யாகிவிடாது, தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. முக்கியமான விஷயம்: அவர்கள் விழுங்கியது கேப்ஸ்யூல். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. அதைச் சாக்லேட் பார் மீது ஏற்றிச் சொல்ல முடியாது.

அரசு அமைப்புகளும் இதே எச்சரிக்கையோடுதான் பேசுகின்றன. நாளுக்கு 200 மி.கி. கோகோ ஃப்ளாவனால் ரத்தக்குழாய் நெகிழ்வுக்கு உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் உணவு, மருந்து அமைப்பான எஃப்டிஏ 2023இல் ஃப்ளாவனால் மிகுந்த கோகோ பவுடருக்கு மட்டும், ஆதாரம் மிகக் குறைவு என்ற வாசகத்தோடுதான் இதயநலக் குறிப்பு போடலாம் என்றது. சாதாரண பவுடருக்கும் சாக்லேட்டுக்கும் அது பொருந்தாது.

அப்பாவின் சர்க்கரை விஷயத்தில், 2024 டிசம்பரில் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் ஒரு ஹார்வர்டு ஆய்வு வந்தது. வாரம் ஐந்து முறையாவது டார்க் சாக்லேட் சாப்பிடுபவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வருவது 21% குறைவு, மில்க் சாக்லேட்டில் அந்தப் பலன் இல்லை. உடனே நம் ஊர் சேனல்கள் 'சர்க்கரை நோயை விரட்டும் சாக்லேட்' என்று ஆரம்பித்துவிட்டன. இது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு, கொடுத்துப் பார்த்த சோதனை இல்லை. டார்க் சாக்லேட்டைத் தேடி வாங்குகிறவர்கள் வேறு பல விஷயங்களிலும் கவனமாக இருப்பவர்களாக இருக்கலாம். ஏற்கெனவே பார்டரில் இருக்கும் ஒருவருக்கு மருந்தாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. 'சுகர் ஃப்ரீ' பாரும் முழுத் தீர்வு இல்லை. பலவற்றில் சர்க்கரைக்குப் பதில் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்க்கிறார்கள். அதுவும் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், அளவு மீறினால் வயிறு ஊதி, பேதியும் ஆகும்.

எடை குறையும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 2015இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டையான ஒரு சோதனையைச் செய்து, சாக்லேட் எடையைக் குறைக்கும் என்று ஓர் இதழில் வெளியிட்டார். பத்திரிகைகள் எவ்வளவு எளிதாக ஏமாறும் என்று காட்டுவதுதான் நோக்கம். பல நாடுகளில் தலைப்புச் செய்தியே ஆனது. அவர் உண்மையைச் சொன்ன பிறகும் அந்தச் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 100 கிராம் டார்க் சாக்லேட்டில் சுமார் 600 கலோரி, கணக்கு அவ்வளவுதான்.

சாக்லேட்டில் ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் இருப்பது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 28 டார்க் பார்களைச் சோதித்தது. எல்லாவற்றிலும் இரண்டும் இருந்தன. தினமும் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் சாப்பிட்டால் 23 பார்களில் ஏதாவது ஒன்று கலிபோர்னியாவின் வரம்பைத் தாண்டும் என்றது. அந்த வரம்பு மிகவும் கறாரானது, பயந்து ஓட வேண்டியதில்லை. காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிறது, லத்தீன் அமெரிக்காவின் சில பகுதிகளில் அதிகம். ஈயம் பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகு, காயவைக்கும்போது தூசியோடு வந்து ஒட்டுகிறது. சாலையோரம் கொட்டையைப் பரப்பக் கூடாது என்று சித்தப்பா ஆட்களிடம் சத்தம் போடுவது இதற்காகத்தான். கோகோ சதவீதம் கூடினால் இவையும் கூடும். எப்போதாவது ஒரு துண்டு என்றால் கவலை இல்லை. தினமும் என்று விதி வைத்துக்கொள்கிறவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள்தான் யோசிக்க வேண்டும்.

அப்பாவுக்கு என்ன செய்யலாம்? சாக்லேட் அவருக்குப் பிடிக்கும் என்றால், 70%க்கு மேல், உட்பொருளில் கோகோ முதலில் வருகிற, தாவரக் கொழுப்பு இல்லாத பாராக வாங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு, 10 கிராம். இரவு வேண்டாம், அதில் காஃபினும் உண்டு. ஃப்ளாவனால்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், டச்சு முறை செய்யாத, இனிப்பில்லாத கோகோ பவுடர் ஒரு ஸ்பூன் வெந்நீரில். சர்க்கரைக் கவலை இல்லை. குடிப்பாரா என்பதுதான் சந்தேகம், எங்கள் வீட்டில் ஒருவரும் குடிப்பதில்லை. சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் கோகோவில் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் சாக்லேட் அதைக் கிளப்பும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் பாரை மேசையில் திறந்து வைக்காதீர்கள், கோகோவில் உள்ள தியோபுரோமின் அதற்கு விஷம், டார்க்கில் இன்னும் அதிகம்.