முன்பணம் வாங்கிய தரகரிடமிருந்து கட்டுரையை மீட்பது எப்படி?

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள இதழில் ஒரு கட்டுரையாவது வெளிவர வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. "15 நாளில் ஏற்புக் கடிதம்" என்று சொன்ன ஒருவரிடம் கட்டுரையைக் கொடுத்துப் பாதிப் பணமும் கட்டிவிட்டேன். நான்கே நாளில் ஏற்புக் கடிதம் வந்தது. மதிப்பீட்டாளர் கருத்து ஒரு வரிகூட இல்லை. இப்போது முன்பின் தெரியாத இருவரை இணை ஆசிரியர்களாகச் சேர்க்கச் சொல்கிறார். மறுத்தால் 'திரும்பப் பெறும் கட்டணம்' கட்ட வேண்டுமாம். காப்புரிமைப் படிவத்தில் நான் இன்னும் கையெழுத்திடவில்லை. கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பலாமா? கட்டணம் வாங்கும் இதழ்கள் எல்லாமே மோசடிதானா? கட்டிய பணத்தைப் பல்கலைக்கழக ஆய்வு நிதியிலிருந்து பெற முடியுமா?

பதில்: அனுப்பலாம். ஆனால் இன்றைக்கே அனுப்பிவிடாதீர்கள். ஒரே கட்டுரை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களின் பரிசீலனையில் இருக்கக் கூடாது. அது தெரியவந்தால் புதிய இதழின் ஆசிரியர் உங்கள் கட்டுரையைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். முதலில் எழுத்துமூலம் விலக வேண்டும்.

அந்தக் கடிதத்தைத் தரகருக்கு எழுத வேண்டாம். இதழின் ஆசிரியருக்கு, உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து நேரடியாக எழுதுங்கள். அதற்கு முன் ஏற்புக் கடிதத்தை எடுத்து, தொடர்பு ஆசிரியர் (கட்டுரை எழுதியவர்கள் சார்பில் இதழோடு தொடர்புகொள்பவர்) என்ற இடத்தில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் தரகரே ஒரு முகவரியை உருவாக்கியிருக்கலாம். அப்படியானால் இதழைப் பொறுத்தவரை உங்களுக்காகப் பேசிக்கொண்டிருப்பவர் அவர்தான். இன்னொன்றும் நடப்பதுண்டு. கட்டுரை அந்த இதழுக்குப் போகவே போயிருக்காது. கடிதமே போலியாக இருக்கும். கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு, "இந்த எண்ணில் என் கட்டுரை உங்களிடம் உள்ளதா? இருந்தால் திரும்பப் பெறுகிறேன். வெளியிட நான் சம்மதிக்கவில்லை. காப்புரிமையை மாற்றித் தரவில்லை" என்று நாலு வரி எழுதினால் போதும். நெறியாளருக்கும் பல்கலைக்கழக நூலகருக்கும் நகல் போகட்டும். நெறியாளரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாது என்பதுதான் தரகருக்கு உள்ள ஒரே பலம்.

திரும்பப் பெறும் கட்டணத்தைக் கட்டாதீர்கள். கட்டினால் இன்னொரு கட்டணம் முளைக்கும். கட்டுரையை விட மறுத்து, வேறெங்கும் வெளியிட முடியாதபடி முடக்கி வைப்பது பழைய உத்தி. ஓமிக்ஸ் என்ற பதிப்பு நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016-இல் தொடர்ந்த வழக்கில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு. 2019-இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்தை 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொன்னது.

இணை ஆசிரியர் விஷயத்தில் கொஞ்சமும் இறங்கிப் போகாதீர்கள். அந்த இருவரும் அநேகமாக உங்கள் கட்டுரையில் இடம் வாங்கப் பணம் கட்டியவர்கள். உங்கள் உழைப்பை உங்களிடமும் காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கும் விற்கிறார் அந்த ஆள். ஆய்வில் பங்களித்து, எழுத்திலும் பங்கேற்று, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து, நாளை தவறு கண்டால் பதில் சொல்லப் பொறுப்பேற்பவர்தான் ஆசிரியர். ஆசிரியர் பெயரை விற்கும் கூட்டத்தைப் பிடிக்கும்போது கட்டுரைகளைக் கொத்தாக நீக்குவார்கள். உங்கள் தரவு உண்மையானது என்று அப்போது யாரும் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

"ஸ்கோபஸில் இருக்கிறதே" என்ற வார்த்தையை நம்பித்தான் மாணவர்கள் ஏமாறுகிறார்கள். பட்டியல் இன்றைய நிலையைத்தான் சொல்லும். இதழ்கள் உள்ளே வரும், வெளியே போகும். ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்கள் பெரிய பட்டியல்களில் இருந்தவைதான். அதை நடத்திய வைலி நிறுவனம் 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை நீக்க நேர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை விருந்தினர் ஆசிரியர்கள் தொகுத்த சிறப்பிதழ்களில் வந்தவை. சிறப்பிதழ் என்று தரகர் சொன்னால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடிப் போலி இணையதளம் நடத்துகிறவர்களும் உண்டு. ஐஎஸ்எஸ்என் என்பது இதழுக்குத் தரப்படும் வெறும் அடையாள எண். தரச் சான்று இல்லை. கட்டுரைக்குத் தரப்படும் டிஓஐ எண்ணும் அப்படித்தான். ஸ்கோபஸ் இதழ்ப் பட்டியலைச் சந்தா இல்லாமலே பார்க்கலாம். நீங்களே திறந்து பாருங்கள். தரகர் அனுப்பும் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) நம்பாதீர்கள்.

கட்டணம் வாங்கும் இதழ் எல்லாம் மோசடி இல்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒருமுறை சூடுபட்டவர்கள் கட்டணம் என்ற சொல்லைக் கண்டாலே நல்ல இதழ்களையும் ஒதுக்கிவிடுகிறார்கள். சந்தா இதழில் வாசகர் காசு கொடுக்கிறார். திறந்த அணுக்க இதழில் யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்பதால் பல இடங்களில் கட்டுரையை எழுதியவரோ அவருடைய நிறுவனமோ செலவை ஏற்கிறது. பிளாஸ் ஒன் போன்ற அறியப்பட்ட இதழ்களே இப்படித்தான் நடக்கின்றன. நேர்மையான இதழ் தொகையைத் தன் தளத்தில் வெளிப்படையாகப் போட்டிருக்கும். மதிப்பீடு முடிந்து, கட்டுரை ஏற்கப்பட்ட பிறகே கேட்கும். பணம் இதழின் கணக்குக்குப் போகும், தனிநபரின் கணக்குக்கு இல்லை. 'ஏற்புக்குப் பிறகே' என்பதிலும் ஒரு விலக்கு உண்டு: பொருளியல், நிதியியல் துறைகளில் மிக மதிப்புள்ள சில இதழ்கள் சமர்ப்பிக்கும்போதே கட்டணம் வாங்குகின்றன. அது பரிசீலனைக்கான கட்டணம். கட்டுரை நிராகரிக்கப்பட்டாலும் திரும்ப வராது. ஆகவே முன்கூட்டிக் கேட்பது மட்டுமே மோசடிக்கு அடையாளம் ஆகாது. பணத்துக்கு ஈடாக ஏற்பை உறுதியளிப்பதுதான் அடையாளம். எந்த நேர்மையான இதழும் அந்த உறுதியைத் தராது. கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்களுக்குப் பல இதழ்கள் விலக்கு தருகின்றன. சமர்ப்பிக்கும்போதே கேட்க வேண்டும், ஏற்புக்குப் பிறகு கேட்டால் மறுக்கக்கூடும். எழுதுபவரிடமும் வாசகரிடமும் வாங்காமல் பல்கலைக்கழகங்களும் ஆய்வுச் சங்கங்களும் நடத்தும் இதழ்களும் நிறைய இருக்கின்றன. டிஓஏஜே என்ற திறந்த அணுக்க இதழ்க் கோப்பகத்தில் கட்டணமில்லாதவற்றை மட்டும் பிரித்துத் தேடலாம். உங்கள் அடுத்த தேடலை அங்கே தொடங்குங்கள்.

இந்த நிலைக்கு உங்களைத் தள்ளியது உங்கள் துறையின் அந்த விதிதான் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டுரை எத்தனை என்று எண்ணும் குழுக்கள் அதில் என்ன இருக்கிறது என்று படிப்பதில்லை. ஆய்வு உதவி என்ற பெயரில், வெளியான பிறகு ரசீதைப் பார்த்துப் பணம் தருகிறார்கள். இதழைத் தேர்வதற்கு முன் உட்கார்ந்து பேச ஒரு ஆள், மொழியைத் திருத்த ஒரு ஆள், புள்ளியியலைச் சரிபார்க்க ஒரு ஆள் இருந்தால் தரகருக்கு வேலையே இருக்காது. அந்த மூன்று பேரையும் அமர்த்தாமல், அதே பணத்தைத் தரகர் கைக்குப் போகும்படி ரசீது வழியாக அளிப்பது எனக்கு இன்னும் ஆத்திரமூட்டுகிறது. நிதியுதவியின் உச்சவரம்பைத் தெரிந்துகொண்டு அதை ஒட்டியே தரகர்கள் விலை சொல்கிறார்கள்.

இனிப் புதிய இதழுக்கு. விலகல் கடிதத்துக்கு ஒப்புதல் வந்தால் சிக்கல் தீர்ந்தது. பதிலே வராவிட்டால் நினைவூட்டி ஒருமுறை எழுதிவிட்டு, புதிய இதழின் ஆசிரியருக்கான முகப்புக் கடிதத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, அனுப்பிய கடிதங்களை இணையுங்கள். மறைத்து அனுப்புவதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பு. இதற்கிடையே உங்கள் அனுமதியின்றிக் கட்டுரையை இணையத்தில் ஏற்றிவிட்டால் புதிய இதழுக்கு அனுப்புவதை நிறுத்திவைத்து, நீக்கக் கோரி எழுதுங்கள். அந்த இதழ் கோப் (COPE) எனப்படும் பதிப்பு நெறிக் குழுவின் உறுப்பினராக இருந்தால் அங்கேயும் புகார் தரலாம். ஆனால் இதழிடம் முதலில் முறையிட்டிருக்க வேண்டும்.

கட்டிய முன்பணம் ஆய்வு நிதியிலிருந்து கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதை மொழித்திருத்தக் கட்டணம் என்று ரசீது போட்டுத் தருவதாகத் தரகர் சொல்வார். வாங்காதீர்கள். உண்மையான மொழித்திருத்தத்துக்குப் பணம் கொடுப்பதும் கட்டுரையில் நன்றி சொல்வதும் முறையானவை. செய்யாத வேலைக்கான ரசீதை அலுவலகத்தில் கொடுத்தால், அதுவரை ஏமாந்தவராக இருந்த நீங்கள் தணிக்கையின் கண்ணில் ஏமாற்றியவராகிவிடுவீர்கள். பணம் அனுப்பிய வங்கி விவரம், குறுஞ்செய்திகள், ஏற்புக் கடிதம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். காவல்துறையில் புகார் கொடுக்க அவை வேண்டும்.