ரஷ்ய அணிகள் இல்லாத 2021-22 யூரோலீக் மகளிர் கூடைப்பந்தில், அதாவது ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான தொடரில், ஹங்கேரியின் சொப்ரோன் அணி பெற்ற பட்டம் முழுமையானதா?

என் பதில்: முழுமையானதுதான். ஆனால் கேள்வி ஏன் எழுகிறது என்பது புரிகிறது. 2018, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்ற எகாடெரின்பர்க் அணி, உக்ரைன் போர் தொடங்கியதும் மற்ற ரஷ்ய அணிகளுடன் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. அந்த அணிக்காக ஆடிய அமெரிக்க வீராங்கனை பிரிட்னி கிரைனர் அதற்குச் சில நாட்கள் முன்பே மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகியிருந்தார்.

எஞ்சிய அணிகளும் எளிதானவை அல்ல. இந்தத் தொடரில் 16 அணிகள் இரண்டு பிரிவுகளாக மோதின. காலிறுதியைத் தாண்டிய நான்கு அணிகள் இஸ்தான்புல்லில் கூடின. ஹங்கேரியின் ஆஸ்திரிய எல்லையோரச் சிறு நகரமான சொப்ரோனின் அணி, இறுதியில் துருக்கியின் ஃபெனர்பாச்சே அணியை எதிர்கொண்டது. இஸ்தான்புல் எதிரணியின் சொந்த ஊர். அரங்கமே அவர்கள் பக்கம். அங்கே 60-55 என்று வென்றது சாதாரணமா? இத்தனை குறைந்த புள்ளிகளில் முடிந்த ஆட்டம் தடுப்பாட்டத்தின் வலிமையைக் காட்டுகிறது. இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வான சொப்ரோனின் கேபி வில்லியம்ஸின் பெரும்பலமும் அதுவே. 2018 இறுதியில் இதே சொப்ரோன் எகாடெரின்பர்க்கிடம் தோற்றிருந்தது. எனவே இந்த அணியைத் திடீரென முளைத்ததாகச் சொல்வது நியாயமற்றது.