சிங்கப்பூர் டு நியூயார்க்: கணக்கு போட்டா 17 மணி, டிக்கெட்ல ஏன் பதினெட்டரை?

சிங்கப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அம்மாவ நியூயார்க்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்கு அனுப்பணும், தூரம் 15,300 கிலோமீட்டர்னு காட்டுது, பிளைட் 900ல பறந்தா 17 மணி நேரம்தானே, டிக்கெட்ல ஏன் பதினெட்டரைக்கு மேல போட்டிருக்கு, அதுவும் நடுராத்திரி ஏறி அதே தேதி காலைல இறங்கற மாதிரி இருக்கே, தப்பா புக் பண்ணிட்டேனான்னு.

தப்பெல்லாம் இல்ல தம்பி. தூரத்த நீங்களே போட்டு பாக்கலாம். சிங்கப்பூரோட சாங்கி ஏர்போர்ட், நியூயார்க்கோட ஜேஎஃப்கே ஏர்போர்ட் ரெண்டும் உலக உருண்டைல கிட்டத்தட்ட எதிரெதிர் பக்கம், அதனால குறுக்கு வழி வட துருவத்த ஒட்டியே போகுது. அட்சரேகை கணக்குல சாங்கில இருந்து துருவம் 88.6 டிகிரி, அங்கருந்து ஜேஎஃப்கே வரைக்கும் 49.4, ஆக மொத்தம் 138. டிகிரிக்கு 111 கிலோமீட்டர்னு பெருக்குங்க, உங்க 15,300 வந்துடும்.

ஆனா பைலட் அந்த கோட்டுல போகமாட்டார். பத்து பன்னெண்டு கிலோமீட்டர் உயரத்துல மேற்குல இருந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து அடிக்கும், குளிர்காலத்துல சில நேரம் 300 கிலோமீட்டர் வேகத்தயும் தாண்டும், அத முதுகுல வாங்கிட்டு போனா சும்மா தள்ளிட்டு போகும்ங்கறதால பசிபிக் பக்கமா சுத்தியே போவாங்க, தூரம் கூடினாலும் நேரமும் எண்ணெயும் மிச்சம். வேடிக்கை என்னன்னா திரும்பி வரப்பவும் பல நாள் கிழக்கு பாத்தே, அட்லாண்டிக் தாண்டி ஐரோப்பா வழியா வருவாங்க, அதாவது போயிட்டு வந்தா உலகத்தயே ஒரு சுத்து சுத்தின மாதிரி. டிக்கெட்ல நேரம் கூட இருக்கறதுக்கு இந்த சுத்து தூரம் ஒரு காரணம். அது போக டிக்கெட்ல இருக்கற நேரம் கேட்ல கிளம்பறதுல இருந்து கேட்ல நிக்கற வரைக்கும், ரன்வேக்கு ஊர்ந்து போறது, வரிசைல காத்திருக்கறது எல்லாம் அதுல அடக்கம்.

தேதி விஷயம் ரொம்ப சிம்பிள். நைட் 12 மணிக்கு கிளம்பி பதினெட்டரை மணி நேரம் போனா சிங்கப்பூர்ல சாயந்திரம் 6:30. நியூயார்க் சம்மர்ல சரியா 12 மணி நேரம் பின்னாடி, அப்போ அங்க அதே தேதி காலைல 6:30. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் 13 மணி நேரம் பின்னாடி, 5:30னு வச்சுக்கோங்க. திரும்பறப்ப இதுக்கு வட்டியோட கட்டணும், திங்கள் ராத்திரி ஏறினா புதன் விடிகாலைலதான் சாங்கி.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா பர்ஸ்க்கு இதுதான் முக்கியம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நேரா விடற ஏ350 யுஎல்ஆர்ல (ரொம்ப தூரம் நிக்காம பறக்கற ஏர்பஸ் விமானம்) எகானமியே கிடையாது. 161 சீட்டுதான், 67 பிஸினஸ், 94 பிரீமியம் எகானமி, 1,65,000 லிட்டர் எண்ணெய தூக்கிட்டு அவ்ளோ தூரம் போகணும்ல. எகானமி வேணும்னா அவங்களே பிராங்பர்ட் வழியா ஒரு பிளைட் விடறாங்க, 24 மணி நேரத்த ஒட்டி ஆகும். முழங்கால் வலி இருக்கற அம்மான்னா நான் அதத்தான் சொல்லுவேன், நடுவுல இறங்கி நாலு அடி நடக்கலாம், டிக்கெட்டும் மலிவு.

சுகர் மாத்திரை போடறவங்கன்னா எத்தன மணி நேரத்துக்கு ஒரு தடவன்னு டாக்டர்கிட்ட கேட்டு துண்டு சீட்டுல எழுதி குடுத்துடுங்க, இறங்கற வரைக்கும் வாட்ச்ச சிங்கப்பூர் டைம்லயே விட சொல்லுங்க. தங்கச்சிய 6:30க்கே வாசல்ல நிக்க சொல்லாதீங்க, இமிகிரேஷன் வரிசை முடிச்சு பெட்டி எடுத்து வெளிய வர எட்டாயிடும்.