மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பூங்காவைத் திறக்கப் போகிறீர்களா? கேள்வி-பதில்

கொரோனா பெருந்தொற்றுக்காக மூடிய பூங்கா, விளையாட்டுத் திடல், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றைத் திரும்பத் திறக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம். பலர் மருந்தடிப்பதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். குழாயில் தேங்கிய தண்ணீரையும் காற்றோட்டமில்லாத அறையையும் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. கவனம் வேண்டியது அங்கேதான்.

கேள்வி: திறப்பதற்கு முன் நடைபாதை, புல்வெளி, மரம் எல்லாவற்றுக்கும் பவர் ஸ்பிரேயரால் கிருமிநாசினி அடிக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு கலக்க வேண்டும்?

அடிக்கவே வேண்டாம். திறந்தவெளியில் கிருமிநாசினி தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே சொல்லிவிட்டது. மண்ணும் தூசியும் பட்டதும் குளோரின் வீரியம் இழந்துவிடும். புல் கருகும், இரும்பு துருப்பிடிக்கும், அடிப்பவருக்குக் கண்ணும் மூச்சும் எரியும். இதுதான் மிச்சம்.

கைபடும் இடங்களை மட்டும் துடையுங்கள்: கேட் கைப்பிடி, தாழ்ப்பாள், குழாய்த் திருகு, கழிப்பறைக் கதவு. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்துவிட வேண்டும். அழுக்கின் மேல் பூசும் மருந்து வீண். பிறகு 0.1% சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் கிருமிநாசினி) கரைசல். கடையில் கிடைப்பது 5% என்றால் 10 லிட்டர் வாளிக்கு 200 மில்லி போதும். துணியில் நனைத்துத் துடைத்து, ஒரு நிமிடமாவது ஈரமாக விட்டு, உலோகமாக இருந்தால் கடைசியில் வெறும் தண்ணீரால் துடையுங்கள். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றைய கரைசலை நம்பக் கூடாது. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு இது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

மணிக்கொரு தரம் துடைக்க ஆள் போடத் தேவையில்லை. கொரோனா கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் கணித்தது. அந்த ஆளைக் கழிப்பறைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: கழிப்பறையைக் கழுவிக் கழுவிப் பார்த்தாயிற்று. சாக்கடை நாற்றம் போகவில்லை. எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் போட்டால் அதிகமாகிறது.

ஃபேன் போட்டால் அதிகமாகிறது என்பதே காரணத்தைக் காட்டிக் கொடுக்கிறது. தரையில் உள்ள டிராப்பிலும் வாஷ்பேசின் அடியில் உள்ள வளைவிலும் எப்போதும் சுமார் 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மாதக்கணக்கில் யாரும் புழங்காததால் அது வற்றிப் போயிருக்கும். இந்த நிலையில் ஃபேனைப் போட்டால் சாக்கடைக் குழாயிலிருந்தே காற்றை உறிஞ்சும்.

இது நாற்றத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்தது. வற்றிய தரை டிராப்களும், அவற்றின் வழியே கழிவுக் குழாய்க் காற்றை இழுத்த குளியலறை ஃபேன்களும் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டன.

ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அதிகம் பயன்படாதவற்றில் அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. ஓரிரு நாளில் நாற்றம் திரும்பினால் டிராப் விரிசல் விட்டிருக்கிறது, மாற்ற வேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஃபேன். அறையின் கன அளவை 6ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றை வெளியேற்றும் ஃபேன் தேவை என்று தெரியும். 4 × 3 × 3 மீட்டர் அறை என்றால் 36 கன மீட்டர். மணிக்கு 216 கன மீட்டர் வெளியேற்ற வேண்டும். கதவின் கீழோ ஜன்னலிலோ காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய ஃபேனும் வெறுமனே சுற்றும்.

கேள்வி: குடிநீர்க் குழாய்களையும் ஷவர்களையும் ஐந்து நிமிடம் திறந்துவிட்டால் போதுமா?

உங்கள் குழாய் எவ்வளவு நீளம் என்று தெரியாமல் நிமிடக் கணக்கு சொல்ல முடியாது. உள்விட்டம் 25 மி.மீ. உள்ள குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். தொட்டியிலிருந்து கடைசிக் குழாய் 120 மீட்டர் என்றால் 60 லிட்டர். அது மூன்று முறையாவது முழுதாக மாற வேண்டும், அதாவது 180 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் வரும் குழாயில் 18 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால், நடுவழியில் நின்ற பழைய தண்ணீரைக் கடைசிக் குழாய்வரை கொண்டுவந்து நிறுத்தியதுதான் பலன்.

வரிசையும் முக்கியம். முதலில் தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். பிறகு தொட்டிக்கு அருகில் உள்ள குழாயில் தொடங்கித் தூரத்துக் குழாய்வரை போங்கள். வாயில் உள்ள சல்லடையைக் கழற்றிவிட்டுத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் கார்ட்ரிட்ஜைக் கழுவிப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். கடைசிக் குழாயில் சோதித்தால் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

ஷவர், நீரூற்று, ஸ்பிரிங்க்ளர் மூன்றுக்கும் தனிக் கவனம் வேண்டும். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அந்தத் தண்ணீரின் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம். ஷவரின் தலையைக் கழற்றிவிட்டு, தண்ணீர் தெறிக்காமல் மெதுவாகத் திறந்துவிடுங்கள். கழற்ற வராதா? பிளாஸ்டிக் பையை அதன் மேல் கட்டி, பையின் கீழ்முனையை வெட்டிவிட்டால் சாரல் பறக்காமல் ஒழுகும். திறந்துவிடுபவர் என்95 முகக்கவசம் அணிந்து, திறந்ததும் வெளியே வந்துவிட வேண்டும்.

கேள்வி: சிறுவர் விளையாட்டுச் சாதனங்களைத் துடைத்து வண்ணம் பூசிவிட்டோம். திறக்கலாமா?

புது வண்ணம் துருவை மறைக்கும். அடுத்த முறை சோதனை முதலில், வண்ணம் பிறகு.

மூடும்போது ஊஞ்சலிலும் சறுக்குமரத்திலும் சுற்றிய எச்சரிக்கை நாடாவில் ஒரு துண்டுகூட மிஞ்சக் கூடாது. தொங்கும் நாடா குழந்தையின் கழுத்தில் சுருக்காக மாறும். ஊஞ்சல் சங்கிலியை மாட்டும் எஸ் கொக்கியின் வாய் 1 மி.மீ.க்கு மேல் திறந்திருந்தால் இறுக்குங்கள் அல்லது மாற்றுங்கள். கம்பி உடைந்து 9 முதல் 23 செ.மீ. வரை இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவில் உடல் நுழையும், தலை சிக்கும். கீழே போட்ட மணல் மழையில் இறுகியிருக்கும். கிளறிவிட்டு, 23 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் நிரப்புங்கள். ஊஞ்சலின் அடியும் சறுக்குமரத்தின் கீழ்முனையும்தான் முதலில் பள்ளமாகும் இடங்கள். குழாய்க் கால்களின் திறந்த முனைகளில் குளவிக் கூடு இருக்கும். குழந்தைகள் வருவதற்கு முன் நீங்கள் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒன்று விட்டு ஒரு பெஞ்சை அகற்றிவிடலாமா?

வேண்டாம். முதியவர்கள் உட்கார இடமில்லாமல் வராமலே போய்விடுவார்கள். இரண்டு மீட்டர் இடைவெளி வரும்படி நகர்த்திப் போடுங்கள்.

கேள்வி: எத்தனை பேரை உள்ளே விடலாம்? எண்ணுவதற்கு வசதியாக ஒரே வாசலை மட்டும் திறக்க நினைக்கிறோம்.

அந்த ஒரு வாசலில்தான் கூட்டம் சேரும். இருக்கிற வாசல்கள் எல்லாவற்றையும் திறந்து, சிலவற்றை உள்ளே வரவும் சிலவற்றை வெளியேறவும் ஒதுக்குங்கள். எண்ண ஆள் போதவில்லை என்றால் எண்ணிக்கையைக் கைவிடுங்கள், வாசல்களைக் கைவிடாதீர்கள்.

பரப்பளவைக் கணக்கிடும்போது குளம், புதர், கட்டடம் எல்லாம் கழிய வேண்டும். இரண்டு மீட்டர் இடைவெளியில் அசையாமல் நின்றால் ஆளுக்கு 4 சதுர மீட்டர் போதும். பூங்காவில் யாரும் அப்படி நிற்பதில்லை. 10 சதுர மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நெரிசலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாதையின் அகலம். எதிரெதிரே இருவர் இரண்டு மீட்டர் விலகிக் கடக்க 3 மீட்டராவது வேண்டும். அதைவிடக் குறுகிய பாதையை ஒருவழியாக்குங்கள். புல்வெளியில் வட்டம் போடுவது நன்றாகவே பலன் தந்தது: நியூயார்க்கின் டொமினோ பூங்காவில் 2020 மே மாதம் 8 அடி விட்டத்தில் வெள்ளை வட்டங்கள் வரைந்தார்கள். காவலாளி அதட்டத் தேவையில்லாமல் மக்களே வட்டத்துக்குள் உட்கார்ந்தார்கள். திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பது தவறான சிக்கனம். அதே கூட்டம் குறைந்த நேரத்துக்குள் அடைந்துகொள்ளும்.

கேள்வி: உடற்பயிற்சிக் கூடத்தில் நடன வகுப்பைத் தொடங்கலாமா? வாசலில் காய்ச்சல் சோதனை வைத்திருக்கிறோம்.

அறிகுறி தோன்றுவதற்கு முன்பே ஒருவர் நோயைப் பரப்பக்கூடும் என்பதால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. தென்கொரியாவின் சோனான் நகரில் 2020 தொடக்கத்தில் 12 பயிற்சிக் கூடங்களின் நடன வகுப்புகளோடு தொடர்புடைய 112 பேருக்குத் தொற்று வந்தது. சிறிய அறை, நிறையப் பேர், மூச்சிரைக்கும் பயிற்சி மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன. வகுப்பைத் திடலுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ஆட்களைக் குறைத்து, ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டரை அறையின் நடுவில் வையுங்கள். மூச்சுக்காற்று எவ்வளவு தேங்குகிறது என்று அது காட்டும். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும். வகுப்பு நடக்கும்போது 800ஐத் தாண்டினால் ஜன்னல் போதவில்லை என்று பொருள். ஏசி மட்டும் ஓடினால் அதே காற்றுதான் சுற்றி வரும்.

கேள்வி: நீச்சல் குளம் பச்சையாகிவிட்டது. முழுதாக வடித்துவிடலாமா?

நிலத்தடி நீர்மட்டம் மேலே இருந்தால், காலியான குளத்தை அது அடியிலிருந்து தூக்கி விரிசல் விடச் செய்யும். வடிக்காமலே சரி செய்யலாம். மிதக்கும் குப்பையை வாரி, சுவரையும் தரையையும் பிரஷ்ஷால் தேய்த்து, ஃபில்டரை இடைவிடாமல் ஓட்டுங்கள். ஒரு லட்சம் லிட்டருக்கு 65% கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் ஒன்றரைக் கிலோ போட்டால் சுமார் 10 பிபிஎம் குளோரின் ஏறும். பாசி அதைத் தின்றுவிடும் என்பதால் மறுநாளும் சோதித்துப் போட வேண்டியிருக்கும். தூளைத் தண்ணீரில் போட வேண்டும். தூளின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. வேறு வகைக் குளோரின் மாத்திரையோடு கலந்தால் தீப்பிடிக்கும், அளக்கும் குவளையைக்கூடத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆழமான பகுதியின் அடியில் உள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரிந்து, குளோரின் 1 முதல் 3 பிபிஎம்முக்கு இறங்கி, பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.2க்கும் 7.8க்கும் இடையில் நின்ற பிறகு ஆட்களை இறக்கலாம். அந்த அளவுக் குளோரின் உள்ள தண்ணீரால் கொரோனா பரவாது. உடை மாற்றும் அறையில்தான் ஆட்களை எண்ணி விட வேண்டும்.