4 வயதுப் பையன் வீட்டில் சமைப்பதைத் தொடவே மாட்டேன் என்கிறான். தோசை, நூடுல்ஸ் மட்டும்தான். தினமும் தனியாகச் செய்து ஓய்ந்துவிட்டேன், என்ன வழி?

ராத்திரித் தட்டைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் சாயங்காலம் நாலு மணியிலிருந்து அவன் வாயில் என்னென்ன போகிறது என்று ஒரு நாள் சும்மா கவனித்துப் பாருங்கள். ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் பால், கூட நாலு பிஸ்கட், பக்கத்து வீட்டில் கொடுத்த முறுக்கு, அப்பா வரும்போது வாங்கி வந்த அஞ்சு ரூபாய் சிப்ஸ், "எதுவுமே சாப்பிடலையே" என்று ஏழு மணிக்கு ஒரு வாழைப்பழம். எட்டு மணிக்குச் சாம்பார் சாதத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பாமல் என்ன செய்வான்? "சாப்பிடவே மாட்டேங்குது" என்று பேர் வாங்கிய பிள்ளைகளில் பாதிக்கு மேல் நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பாலை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்பதுதான் பொதுவாக டாக்டர்கள் சொல்வது. வயிறு பாலிலேயே நிறைந்துவிடும், பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. இன்னொன்று, பிறந்தபோது 3 கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் 9 கிலோவுக்கு வந்துவிடும், ஆனால் ரெண்டு வயதுக்கு அப்புறம் வருஷத்துக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். இது தெரியாமல் நாம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி வரைக்கும் ஓடுகிறோம்.

எங்கள் வீட்டில் ரெண்டு பேர். பெரியவள் ரெண்டாம் வகுப்பு, சின்னவனுக்கு உங்கள் பையன் வயதுதான். மனைவிக்கு ஷிஃப்ட் வேலை என்பதால் ராத்திரிச் சமையல் என்னுடையது. ஆகவே தனித்தனியாகச் சமைப்பது என்ற பேச்சே கிடையாது, எல்லோருக்கும் ஒரே சமையல். ஆனால் ஒரு விஷயம் பார்த்துக்கொள்வேன், சின்னவனுக்கு நிச்சயம் பிடிக்கும் என்று தெரிந்த ஏதாவது ஒன்று இலையில் இருக்கும். வத்தக்குழம்பு வைக்கிற அன்றைக்குத் தயிரும் சுட்ட அப்பளமும். அவன் வெறும் தயிர் சாதத்தோடு எழுந்து போனாலும் நான் ஒன்றும் சொல்வதில்லை. எலின் சாட்டர் என்று ஓர் அமெரிக்க உணவியல் நிபுணர் 1980-களிலிருந்தே இதைத்தான் சொல்லி வந்தார்: என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பதெல்லாம் பெற்றவர்கள் பாடு, அதில் எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளை பாடு. கேட்பதற்குச் சுலபம். எதிரே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

காரம் ஒரு பெரிய சிக்கல், ஆனால் அதற்காகத் தனி அடுப்பு வேண்டியதில்லை. பருப்பும் காயும் வெந்ததும், புளியும் பொடியும் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள், அதில் நெய் விட்டால் அவனுடைய சாம்பார் அதுதான். பொரியலுக்குப் பச்சை மிளகாயைக் கீறிப் போடாமல், காய்ந்த மிளகாயைக் கிள்ளாமல் முழுசாகத் தாளித்துவிட்டு எடுத்துப் போட்டுவிடலாம். எடுத்து வைக்கிற அந்தக் கரண்டியில் மூணு நாளைக்கு ஒரு தடவை சொட்டு ரசமோ குழம்போ கலந்துகொண்டே வந்தால் நாக்கு தானாகப் பழகும்.

புதுக் காய் என்றால் பொறுமை வேண்டும். ரெண்டு வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் தெரியாத சாப்பாட்டைக் கண்டு மிரள்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான், எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து தடவை கூடக் கண்ணில் பட்டு, நாக்கில் பட்டால்தான் இறங்கும். சின்னவனுக்கு பீன்ஸ் பொரியல் வைத்தால் முதலில் கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டு விளிம்பில் வரிசையாக அடுக்குவான், அப்புறம் கறிவேப்பிலை, அப்புறம் தேங்காய்த்துருவலை விரலால் வழித்துத் தின்பான். பீன்ஸ் அப்படியே கிடக்கும். ஒரு நாள் அக்கா தட்டிலிருந்து ஒன்றைத் திருடித் தின்றான், தன் தட்டில் இருப்பதை இல்லை! யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கவனித்துக் கைதட்டியிருந்தால் துப்பியிருப்பான், எனக்கு அவனைத் தெரியும்.

"கீரை சாப்பிட்டா சாக்லேட்" என்பதை இன்றோடு நிறுத்துங்கள். லீன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் சோதித்தே பார்த்திருக்கிறார், பரிசு கொடுத்துச் சாப்பிட வைத்த பண்டத்தின் மேல் பிள்ளைகளுக்கு விருப்பம் குறைந்துதான் போனது. லஞ்சம் கொடுத்துத் தின்ன வைக்கிறார்கள் என்றால் அது கெட்ட சாமானாகத்தான் இருக்கும் என்று அவர்களும் யோசிக்கத்தானே செய்வார்கள். செல்போனைக் காட்டி ஊட்டுவதும் அப்படித்தான், வாய் திறக்கும், ஆனால் என்ன தின்றோம் என்பதே தெரியாது.

அப்புறம் பாட்டி. என் அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "பாவம்டா, புள்ள அரை வயித்தோட தூங்குது" என்று பத்து மணிக்கு மாவுப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுப்பார். வாதாடிப் பிரயோஜனமில்லை என்று நாலு மணிச் சாப்பாட்டை முழுசாக அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். சுண்டலோ, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோ, அவலோ, அவர் இஷ்டம், ஆனால் அஞ்சரைக்கு மேல் தண்ணீர் மட்டும்தான். இப்போது நான் ஒரு பிஸ்கட்டை எடுத்தால்கூட அம்மாதான் மணி பார்க்கிறார்.

எடை ஏறாமல் நின்றால், விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால், மண், சாக்பீஸ், பச்சை அரிசி என்று தின்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், அது வேறு கதை, ரத்தச்சோகையாகக்கூட இருக்கலாம்.

முதல் வாரம் அழுகை இருக்கும். தோசையையும் நூடுல்ஸையும் ஒழிக்க வேண்டியதில்லை, சனிக்கிழமை ராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள், காய் போட்டு எல்லோருக்கும் நூடுல்ஸ். ஆனால் அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரர் "எனக்கு மட்டும் கொஞ்சம் ரசம் சாதம்" என்று கேட்கக் கூடாது.